பச்சை மூடிக் குழாய்களோடு வருபவர்களுக்கு

தொழுநோயாளிகளின் ரத்தத்தில் நோய் எதிர்ப்பு அணுக்களை ஆராயும் அறிவியலாளர்களே, ஆய்வு மாணவர்களே,



உங்களுக்கு என்னை நினைவிருக்காது. உங்கள் ஏட்டில் நான் ஓர் எண். எனக்கு உங்களை நன்றாக நினைவிருக்கிறது. மருத்துவமனை பெஞ்சில் நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது தெர்மாகோல் பெட்டியோடு வருவீர்கள். பச்சை மூடி போட்ட குழாய்கள், கையுறை, பஞ்சு. "ஒண்ணும் இல்லய்யா, கொஞ்சம் ரத்தம்தான்" என்பீர்கள். மதியத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும், தாமதித்தால் அணுக்கள் செத்துப்போகும் என்று உங்களுக்குள் அவசரமாகப் பேசிக்கொள்வீர்கள். ஒரு பிஸ்கட் பொட்டலத்தையும் பஸ் காசையும் கையில் கொடுத்துவிட்டு வண்டி ஏறுவீர்கள். அந்த அணுக்கள் உயிரோடு போய்ச் சேர்ந்தனவா என்பதுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் விழுப்புரம் மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வுபெற்றவன். நாற்பத்தேழு வயதில் தொழுநோய் வந்தது. ஒரு வருடம் கூட்டு மருந்து சாப்பிட்டுக் குணமானேன். சிகிச்சை தொடங்கும் முன்பும் அதற்குப் பிறகுமாக மூன்று முறை, மூன்று வெவ்வேறு குழுக்கள் என் கையிலிருந்து ரத்தம் எடுத்தன. எந்தெந்த நிறுவனம் என்று இங்கே எழுதப் போவதில்லை. ஒரு நிறுவனத்தைக் குறை சொல்லித் தீர்கிற விஷயமாக இருந்தால் அவர்களுக்கு மட்டும் ஒரு கார்டு போட்டிருப்பேன். மூன்று குழுவிலும் ஒருவர்கூடத் திரும்பி வந்து, எடுத்த ரத்தம் என்ன சொன்னது என்று எனக்குச் சொல்லவில்லை. என் மனத்தாங்கல் இவ்வளவுதான். கேட்க அற்பமாகத் தோன்றலாம். அந்த மௌனத்துக்கு என் வலது கை கொடுத்த விலையைச் சொன்னால் உங்களுக்கு அப்படித் தோன்றாது.

முதல் முறை ரத்தம் கொடுத்தது 2011-ல், மருந்து தொடங்குவதற்கு முந்தின நாள். மருந்து உள்ளே போவதற்கு முன் எடுத்தால்தான் ஆய்வுக்குப் பயன்படும் என்றார்கள். ஒப்புதல் படிவம் நான்கு பக்கம். தமிழில்தான் இருந்தது. அதில் 'எதிர்வினை' என்ற சொல் நாலைந்து இடங்களில் வந்தது. எதிர்வினை என்றதும் எனக்கு நியூட்டனின் மூன்றாம் விதிதான் நினைவுக்கு வந்தது; அந்த வாரம் ஒன்பதாம் வகுப்பில் அதைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். ஏதோ சோதனைக் குழாயில் நடக்கப்போவதைச் சொல்கிறார்கள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். என் முழங்கையில் நடக்கப்போவதைச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கலாமே என்பீர்கள். புரியாத சொல்லைப் பற்றித்தான் மாணவன் கேட்பான். புரிந்துவிட்டதாக நினைக்கிற சொல்லைப் பற்றி எந்த மாணவன் கேட்டிருக்கிறான்?

நான்காவது மாதம், அதுவரை வெளிறிக் கிடந்த தேமல் திடீரென்று சிவந்து, குழிப்பணியாரம் மாதிரி உப்பியது. முழங்கைக்குப் பின்னால் வலி தெறித்தது. வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள், மாத்திரைச் சூடு என்று. எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. இளநீர் குடித்தேன், மோர் குடித்தேன், மாத்திரை அட்டையை பீரோவுக்கு மேலே போட்டேன். மூன்று வாரம். அதற்குள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளே மடங்கிவிட்டன. மருத்துவமனைக்குப் போனபோது, "ரியாக்‌ஷன் சார், முதல் நாளே வந்திருக்கணும்" என்றார் பணியாளர். வீக்கத்தைத் தணிக்கும் பிரெட்னிசோலோன் கொடுத்தார்கள். கட்டைவிரலோடு சேர்த்து மூன்று விரல்கள் தப்பின, உள்ளங்கையில் பாதி உணர்ச்சி திரும்பியது. அந்த இரண்டு விரல்கள் திரும்பவில்லை.

யாருக்கு இந்த எதிர்வினை வரும் என்று தேடுவதற்காகத்தான் நான்கு மாதம் முன்பு என் ரத்தத்தை எடுத்தீர்கள். வரலாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது. வந்தால் எப்படி இருக்கும், என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. அந்தக் காலையில், ஊசி குத்திய இடத்தில் நான் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்த இரண்டு நிமிடத்தில் அதைச் சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு நானே படிக்க ஆரம்பித்தேன். நூலகத்தில், பழைய மாணவர்களான மருத்துவர்களிடம், கிடைத்த கட்டுரைகளில். புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். உங்களுக்கே பாடமா என்று கோபிக்காதீர்கள். எங்கேயாவது தவறு இருந்தால் ஓரத்தில் சிவப்பு மையால் திருத்துங்கள். ஒரு பள்ளி ஆசிரியன் டீக்கடைத் தமிழில் இதைச் சொல்ல முடிகிறது என்றால், உங்களால் ஏன் முடியவில்லை என்பதை மட்டும் யோசித்துக்கொண்டே படியுங்கள்.

ஹேன்சன் என்ற நார்வே நாட்டு மருத்துவர் 1873-ல் கண்டறிந்த கிருமி இது. படுசோம்பேறி. ஒன்று இரண்டாகப் பெருக ஏறத்தாழ இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். இன்றுவரை எந்த ஆய்வகத்தின் கண்ணாடித் தட்டிலும் வளர மறுக்கிறது. எலியின் பாதத்திலோ அர்மடில்லோவின் உடம்பிலோதான் வளர்க்கிறார்கள். 2001-ல் இதன் மரபணுத் தொகுதி முழுவதையும் வாசித்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் செயலிழந்து கிடப்பது தெரிந்தது. வாசிக்கப்பட்ட அந்தக் கிருமி வகையின் பெயர் டி.என். தமிழ்நாடு என்பதன் சுருக்கம். எங்களில் யாரோ ஒருவரின் தோலிலிருந்து எடுத்த கிருமிதான் உலகத்துக்கெல்லாம் பாடப்புத்தகம் ஆயிற்று. அந்த மனிதருக்கு யாராவது போய்ச் சொல்லியிருப்பார்களா என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இத்தனை மந்தமான கிருமி ஒரு மனிதனின் கையை மடக்குகிறது என்றால், அந்த வேலையில் பெரும்பங்கு அதனுடையதாக இருக்க முடியாது. நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேருக்கு இதை அடக்கிவிடும் எதிர்ப்பு இயல்பிலேயே இருக்கிறது. மீதிப் பேருக்கு நோய் எந்த வடிவத்தில் வரும் என்பதை அவரவர் வெள்ளையணுக்களே தீர்மானிக்கின்றன. ரிட்லி, ஜாப்ளிங் என்ற இருவர் 1966-ல் வகுத்த ஐந்து படிகளை நீங்கள் இன்றும் உங்கள் அட்டவணையில் போடுகிறீர்கள். உண்மையில் அந்த ஏணி, உடம்பு எவ்வளவு எதிர்க்கிறது என்பதை அளக்கிற ஏணி.

ஏணியின் ஒரு முனையில் இருப்பவருக்கு டி அணுக்கள் என்ற வெள்ளையணுக்கள் விழிப்பாக இருக்கும். கிருமியை விழுங்கணுக்கள் விழுங்கும். ஆனால் அது செரிக்காமல் அவற்றுக்குள்ளேயே பாய் போட்டுப் படுத்துக்கொள்ளும். காவல்காரன் வீட்டிலேயே திருடன் குடியிருப்பது மாதிரி. டி அணு வந்து இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞையைக் கொடுத்தால்தான் விழுங்கணுவுக்கு உறைக்கும், உள்ளே இருப்பதைக் கொல்லத் தொடங்கும். இவர்களுக்கு ஒன்றிரண்டு தேமல்தான் இருக்கும். தோல் கீறிச் சோதித்தால் கிருமி அகப்படாது. ஆனால் சண்டை நடந்த இடத்தில் நரம்பு இருந்தால், கிருமியோடு சேர்த்து நரம்பும் நசுங்கும்.

மறு முனையில் இருப்பவருக்கு நேர்மாறு. உடம்பெங்கும் கோடிக்கணக்கில் கிருமி. விழுங்கணுக்கள் கொழுப்பேறி, நுரைத்த மாதிரி உப்பிக் கிடக்கும். எதிர்ப்பொருள் குறைவில்லாமல் உற்பத்தியாகும், பயன் இல்லை. திருடன் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும்போது தெருவில் தண்டோரா போட்டு என்ன ஆகும்? இவர்களுடைய ரத்தத்திலிருந்து டி அணுக்களைப் பிரித்தெடுத்து, தொழுநோய்க் கிருமியின் சாற்றைக் காட்டினால் அவை அசையாமல் கிடக்கும் என்று பல பத்தாண்டுகளாக எழுதியிருக்கிறீர்கள். அதே அணுக்களுக்கு வேறொரு கிருமியைக் காட்டினால் துள்ளி எழுந்து பெருகுகின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பது வருடத்தில் அப்படி எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்! எல்லாப் பாடத்திலும் கை தூக்குவான். ஒரு பாடத்தில் மட்டும் வாயே திறக்க மாட்டான். மக்கு என்று முத்திரை குத்திவிடுவோம். யாராவது அவன் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறார்களா என்று விசாரிக்க மாட்டோம். நீங்கள் விசாரித்தீர்கள். மற்ற அணுக்களை அடக்கிவைக்கும் ஒருவகை டி அணுக்கள் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகளில் கண்டீர்கள். ஐ.எல்.10 போன்ற அடக்கும் சமிக்ஞைகளைக் கண்டீர்கள். பாராட்டுகிறேன். அந்தப் பையனின் அப்பாவுக்கு மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

நான் ஏணியின் நடுவில் நின்றவன். நடுவில் நிற்பவனுக்குத் தராசு முள் ஒரு நிலையில் நிற்காது. மருந்து கிருமிகளைக் கொல்லக் கொல்ல, அதுவரை உறங்கிக் கிடந்த டி அணுக்கள் ஒரு நாள் விழித்துக்கொள்ளும். செத்த கிருமியின் துணுக்குகள் தோலிலும் நரம்பிலும் கிடக்கும். அவற்றைத் தேடி அணுக்கள் ரத்தத்திலிருந்து இறங்கிப் போகும். முழங்கைக்குப் பின்னால், எங்கேயாவது இடித்துக்கொண்டால் ஷாக் அடிக்குமே, அந்த இடத்தில் நரம்பு ஒரு குறுகிய எலும்புப் பள்ளத்துக்குள் ஓடுகிறது. அங்கே வீக்கம் வந்தால் விரிய இடம் இல்லை. நரம்பு தன் உறைக்குள்ளேயே நெரிபடும். நான் இளநீர் குடித்துக்கொண்டிருந்த மூன்று வாரத்தில் நடந்தது இதுதான். உடம்பு தோற்று என் விரல்கள் போகவில்லை. அது ஜெயிக்கத் தொடங்கிய நேரத்தில் போயின. இந்த ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருந்தால், சிவந்த தேமலைப் பார்த்து மாத்திரையை நிறுத்தியிருப்பேனா?

நான் ஒருவன் மட்டும் இப்படி ஏமாந்திருந்தால் என் முட்டாள்தனம் என்று விட்டிருப்பேன். அந்த பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்களைச் சொல்கிறேன், கேளுங்கள். ஒரு பெண். பிரசவமான இரண்டாம் மாதம் கணுக்கால் தளர்ந்து, செருப்பு காலில் நிற்காமல் கழன்றது. பத்தியம் தவறிவிட்டாள் என்று மாமியார் வீட்டில் பழி. கர்ப்ப காலத்தில் தணிந்திருக்கும் எதிர்ப்பு பிரசவத்துக்குப் பின் மீண்டும் எழும், அப்போது எதிர்வினை வரக்கூடும் என்று நீங்கள் எழுதிவைத்திருக்கிறீர்கள். அவளிடம் யாரும் சொல்லவில்லை. இன்னொருவர் பெயின்டர். மருந்து முடிகிற சமயத்தில் காய்ச்சலும், உடம்பெல்லாம் தொட்டால் உயிர் போகிற சிவப்புக் கட்டிகளும் வந்தன. எனக்கு வந்தது முதல் வகை, இது இரண்டாம் வகை எதிர்வினை. பயனற்றுக் கிடந்த எதிர்ப்பொருள்கள் செத்த கிருமிகளின் துணுக்குகளோடு பிணைந்து ஆங்காங்கே படிய, நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் படையாகத் திரண்டு வருவதால் வருவது. நோய் முற்றிவிட்டது, மருந்து பொய் என்று முடிவுகட்டி, அவர் ஒரு வருடம் நாட்டு வைத்தியம் தேடி அலைந்தார். மூன்றாமவருக்கு எச்.ஐ.வி.யும் இருந்தது. அதற்கான மருந்தால் டி அணுக்கள் எண்ணிக்கையில் ஏற ஏற, அதுவரை கண்ணுக்கே தெரியாதிருந்த தேமல்கள் சிவந்து வெளியே வந்தன. குணமாகிறேனா, சாகிறேனா என்று என்னிடம் கேட்டார். நான் அறிவியல் ஆசிரியர் அல்லவா!

மூவரிடமும் நீங்கள் ரத்தம் எடுத்திருந்தீர்கள்.

ஊர் என்ன பேசியது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் தோலில் எது வந்தாலும் 'கெட்ட ரத்தம்' என்பார்கள். தேமல் வந்தபோதே அந்தப் பேச்சு வந்தது. ஒரு முறை நீங்கள் வீடு தேடி வந்து ரத்தம் எடுத்துப் போனபின் அது உறுதியாகிவிட்டது. "ரத்தத்துலயே இருக்காம், அதான் எடுத்துக்கிட்டுப் போறாங்க." ரத்தத்தில் இருந்தால் பிள்ளைகளுக்கும் இருக்கும் அல்லவா? என் மகளுக்கு வந்த இரண்டு வரன்கள் அந்த வருடம் அப்படித்தான் தட்டிப்போயின. தொழுநோயை விவாகரத்துக்கான காரணங்களிலிருந்து நாடாளுமன்றம் 2019-ல்தான் நீக்கியது. ஊர் இன்னும் நீக்கவில்லை. இந்த நோய் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு ரத்த வழியாக இறங்குவதில்லை, கிருமியை அணுக்கள் எதிர்கொள்ளும் விதத்தில்தான் மரபுக்கு ஒரு பங்கு உண்டு, மருந்து தொடங்கிவிட்டால் பரவும் தன்மையும் விரைவில் போய்விடுகிறது என்று நான் திண்ணை திண்ணையாகச் சொன்னேன். நோயாளி சொன்னால் யார் நம்புவார்கள்? வெள்ளைக் கோட்டோடு வந்து ரத்தம் எடுத்த நீங்கள், அதே கோட்டோடு ஒரு நாள் திரும்பி வந்து, "இவர் ரத்தத்தில் கெட்டது எதுவும் இல்லை, நன்றாகச் சண்டை போடுகிறது" என்று அதே தெருவில் நின்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள்.

உங்கள் தரப்பு எனக்குத் தெரியாமல் இல்லை. உங்களுக்கு நிதி இரண்டு வருடத்துக்கு, மூன்று வருடத்துக்கு. முடிவு வருவதற்குள் திட்டம் முடிந்துவிடும், ஆள் மாறிவிடும். ஒருவரின் ரத்தத்தை வைத்துத் தனியாக எதுவும் சொல்ல முடியாது, ஐம்பது நூறு பேரைச் சேர்த்தால்தான் அர்த்தம் என்பீர்கள். சரி. அந்த ஐம்பது பேரையும் சேர்த்து உட்காரவைத்துச் சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்வீர்கள்: தோலில் நடப்பதை ரத்தம் அப்படியே காட்டாது. இதையும் படித்தேன். எதிர்ப்பு வலுத்த முனையில் தோல் புண்ணுக்குள் சிடி4 என்ற உதவி அணுக்கள் மிகுதி, எதிர்ப்பு அடங்கிய முனையில் சிடி8 அணுக்கள் மிகுதி. ஆனால் ரத்தத்தில் அந்தக் கணக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. புரிகிறது. ரத்தம் நெடுஞ்சாலை, தோலும் நரம்பும் ஊர்கள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு நின்று வண்டிகளை எண்ணிவிட்டு, எந்த ஊரில் கலவரம் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. அதனால்தான் கேட்கிறேன், ஒரே ஒரு நாள் மட்டும் வந்து எண்ணிவிட்டு ஏன் போய்விடுகிறீர்கள்?

திரும்பி வந்தவர்களால்தான் இந்த நோயில் எதுவும் மாறியிருக்கிறது. 1960களின் நடுவில் ஜெருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின் என்ற மருத்துவர், இரண்டாம் வகை எதிர்வினையில் துடித்துக்கொண்டிருந்த ஒரு நோயாளிக்குத் தூங்குவதற்காகத் தாலிடோமைடு கொடுத்தார். கருவில் இருந்த குழந்தைகளை ஊனமாக்கியதாக அப்போதே உலகமெங்கும் கெட்ட பெயர் வாங்கியிருந்த மாத்திரை. நோயாளியைத் திரும்பப் போய்ப் பார்த்தபோது, கட்டிகளும் வலியும் வடிந்துகொண்டிருந்தன. டி.என்.எஃப். என்ற அழற்சிச் சமிக்ஞையை அது குறைக்கிறது என்று ஆய்வகங்கள் கண்டது வெகுகாலம் கழித்துத்தான். முதலில் நடந்தது, ஒருவர் நோயாளியைத் திரும்பப் போய்ப் பார்த்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் வேலூரில் பால் பிராண்ட் இருந்தார். விரல்களைக் கிருமி தின்பதில்லை, வலி தெரியாததால் நாமே காயப்படுத்தி இழக்கிறோம் என்பதை நோயாளிகளோடு கிடந்து கண்டுபிடித்தவர். அந்த அறிவு கட்டுரையோடு நிற்கவில்லை. மடங்கிய விரல்களை நிமிர்த்தும் தசைநாண் அறுவை சிகிச்சையாக வந்தது. வேலூரை அடுத்த கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பாக எங்கள் காலுக்கு வந்தது. அந்தச் செருப்பைப் போட்டு நடக்கிறவர்கள் யாரும் அவர் கட்டுரையைப் படித்ததில்லை. அவர் கண்டதை ஒவ்வொரு அடியிலும் மிதித்து நடக்கிறார்கள். உங்கள் அணுக்களின் ஆய்வு எங்கள் காலுக்கு எப்போது வரும்?

இந்த நோய்தான் ஒழிந்துவிட்டதே என்று உங்களுக்கு நிதி கொடுப்பவர்கள் சொல்வார்கள் என்பதும் தெரியும். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை நாடு 2005 டிசம்பரில் எட்டியது உண்மை. 2023-ல் உலகம் முழுவதும் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் 1,82,000 பேருக்கும் மேல். அவர்களில் 1,07,000 பேருக்கும் மேல் இந்தியர்கள் என்பதும் உண்மை. மருந்து முடித்ததும் பதிவேட்டில் எங்கள் பெயர் அடிக்கப்படுகிறது. குணமாகிவிட்டோம், சரிதான். ஆனால் செத்த கிருமிகளை உடம்பு துப்புரவு செய்து முடிக்கப் பல வருடம் ஆகும். அந்த வருடங்களில் எப்போது வேண்டுமானாலும் எதிர்வினை வரலாம். பெயர் அடித்தபின் அணுக்கள் செய்வதை எந்தப் பதிவேடும் எழுதுவதில்லை. அதை எழுதக்கூடியவர்கள் நீங்கள் மட்டும்தான்.

ஆகையால் மூன்று விஷயங்கள் கேட்கிறேன்.

முதலாவது, ஊசி குத்துவதற்கு முன் சொல்லுங்கள். 'எதிர்வினை' என்று படிவத்தில் எழுதினால் சொன்னதாகாது. வாயால் சொல்லுங்கள்: "மருந்து சாப்பிடும்போதோ, முடித்து சில வருடம் கழித்தோகூட, தேமல் திடீரென்று சிவந்து வீங்கினால், முழங்கையிலோ முழங்காலிலோ நரம்பு வலித்தால், கைகால் புதிதாக மரத்தாலோ பலம் குறைந்தாலோ, காய்ச்சலோடு கட்டிகள் வந்தால், கண் சிவந்து வலித்தால், அது உங்கள் உடம்பு கிருமியோடு போடும் சண்டை. நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள். உடனே வந்தால் நரம்பைக் காப்பாற்ற மருந்து இருக்கிறது." ஒரு நிமிடம்கூட ஆகாது. பஞ்சை அழுத்திப் பிடிக்கிற நேரம்தான்.

இரண்டாவது, ஒரே ஆளிடம் பலமுறை வாருங்கள். மருந்துக்கு முன், நடுவில், முடிந்தபின், அதற்கு இரண்டு வருடம் கழித்து. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றைக்கும் நரம்பைத் தொட்டு, நைலான் இழையால் உணர்ச்சி பார்த்து, விரலின் பலம் பார்த்துத்தான் எதிர்வினையைக் கண்டுபிடிக்கிறார்கள். நரம்பு அடிபடத் தொடங்கியபின் தெரிவது அது. அடிபடும் முன்பே எச்சரிக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை வேண்டும். எந்த அணு கூடினால், எந்தச் சமிக்ஞை ஏறினால் அடுத்த மாதம் முழங்கை வீங்கும் என்று ஒரு துளி ரத்தத்தில் சொல்ல வேண்டும். நோயாளியையும் நோயில்லாதவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் கட்டுரை எழுதினால் இது கிடைக்காது. அதே மனிதனின் நேற்றையும் இன்றையும் ஒப்பிட்டால்தான் கிடைக்கும். எங்கள் கை எத்தனை முறை வேண்டுமானாலும் நீளும். இத்தனை வருடத்தில் இந்த பெஞ்சிலிருந்து யாரும் உங்களுக்கு ரத்தம் தர மறுத்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, சொல்ல வாருங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும், "உங்கள் ரத்தத்தில் இதைத் தேடினோம், கிடைக்கவில்லை" என்று சொல்ல வாருங்கள். பரீட்சை எழுதிய பிள்ளைக்கு விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பெயில் ஆனாலும் கொடுக்க வேண்டும்.

இந்த மூன்றையும் நல்ல எண்ணத்தை நம்பி விட்டுவிட எனக்கு மனமில்லை. உங்கள் முன்னோடிகளிடமும் நல்ல எண்ணம் இருந்தது. ஒப்புதல் படிவத்தின் கடைசிப் பக்கத்தில், நான் கையெழுத்துப் போடும் இடத்துக்குக் கீழே, இன்னொரு கட்டம் அச்சடியுங்கள். 'முடிவைச் சொல்லத் திரும்பி வரும் தேதி.' எதிரே உங்கள் கையெழுத்து. இரண்டும் இருந்தால்தான் அது ஒப்பந்தம். இப்போது இருப்பது என் ஒப்புதல் மட்டும். உங்கள் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்களில் இருப்பவர்களும் இந்த மடலைப் படிப்பார்களானால், அந்தக் கட்டம் காலியாக இருக்கும் படிவத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விரல்கள் மடங்கிய பிறகு என் கையெழுத்து மாறிவிட்டது. ஒரு தடவை வங்கியில், பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று காசோலையைத் திருப்பிவிட்டார்கள். புதிதாகப் பதிவு செய்துகொண்டேன். நீங்கள் மூன்று முறை எடுத்ததில் முதல் படிவத்தில் இருப்பது பழைய கையெழுத்து, அடுத்த இரண்டிலும் புதியது. எங்கேயாவது அலமாரியில் அந்த மூன்று படிவங்களும் இருக்கும். எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் ஆய்வில் விடுபட்டுப்போன முடிவு ஒன்று அங்கே தெரியும்.

நான்காவது முறை வாருங்கள். தேதியை எழுதிக்கொண்டு வாருங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஏட்டில் எண்ணாக இருக்கும்
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
விழுப்புரம் மாவட்டம்.